வால் போட மறக்காத மைமூன் டீச்சர்

அன்று காலை கைபேசியில் செய்தி வந்தபோது என் மனைவி சரோஜா சமையலறையில் இருந்தாள். முன்பெல்லாம் செய்தி வந்தால் கைபேசியை அவளிடம் கொண்டுபோய் நீட்டுவேன். இப்போது நானே படிக்கிறேன். நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"என் உம்மா மைமூன் இன்று காலை" என்பது வரை தடங்கல் இல்லை. அடுத்த சொல்லின் முதல் எழுத்து வ. கடைசியில் 'பாத்தானார்கள்'. நடுவில் மூன்று புள்ளிகள் இருந்தன. அந்த எழுத்து எனக்குத் தெரியாது.

ஓர் எழுத்தைத் தவிர எல்லாவற்றையும் படித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தோடுதான் நான் சமையலறைக்குப் போனேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"சரோ, ஒண்ணு மேல, ரெண்டு கீழ, மூணு புள்ளி வருதே, அத எப்படிப் படிக்கிறது?"

"அது 'அக்'குங்க. எங்க, காட்டுங்க."

வாங்கிப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். "டீச்சர் தவறிட்டாங்க," என்றாள். "அவங்க பக்கம் 'வஃபாத்'துன்னுதான் சொல்லுவாங்க."

சனிக்கிழமைக் கயிறு பின்னும் வகுப்பில் இருந்த நாம் எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, டீச்சரின் மகள் ஷிரீனிடம் ஒரு சிறு புத்தகமாகக் கொடுக்கலாம் என்று பார்வதி சொன்னார். இது என் பக்கம். ஆனால் ஒரு பக்கத்தில் முடியவில்லை. என் எழுத்து பெரிது. அதோடு நான் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். அது டீச்சர் செய்த பிழை என்று இரண்டு வருடமாக நாம் சொல்லிச் சிரித்தோம். புத்தகத்தைப் பிறகு யார் புரட்டினாலும் விளங்க வேண்டும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் நாற்பது வருடம் வீடு மாற்றும் லாரியில் வேலை செய்தவன். கட்டில், அலமாரி, பியானோ எதுவானாலும் கயிறு போட்டுக் கட்டுவது என் வேலை. என் கட்டு ஒருநாளும் அவிழ்ந்ததில்லை. ஆனால் எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் தெரியும். பஸ் நம்பர், அடுக்குமாடி புளோக் நம்பர், வீட்டு நம்பர் எல்லாம் பிழையில்லாமல் பார்ப்பேன். எழுத்து வந்தால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன். "டிரைவராகிடு, பரீட்சை எழுது," என்று முதலாளி இரண்டு முறை சொன்னார். எனக்கு வண்டி ஓட்டப் பயம் என்று சொல்லிவிட்டேன். சரோஜாவைத் தவிர யாருக்கும் உண்மை தெரியாது. எழுபது வயதுவரை அதைக் காப்பாற்றிவிட்டேன். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்திருந்தேன்.

வேலையை விட்ட பிறகு வீட்டில் சரோஜாவின் காலையே சுற்றிக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலில் அவளுடைய பூந்தொட்டிகள் வழியை அடைக்கின்றன, எடுக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அதைப் படித்துச் சொன்ன கையோடு, "கீழ ஆர்சி-ல தொட்டி தொங்கவிடுறதுக்குக் கயிறு பின்னச் சொல்லித் தராங்களாம். சும்மா உக்காந்திருக்கீங்கள்ல, போங்க," என்று அனுப்பிவைத்தாள்.

அப்படித்தான் ஆங் மோ கியோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள ஆர்சி, அதாவது குடியிருப்பாளர் குழுவின் அறைக்குள் நான் போனேன். பன்னிரண்டு பேர் இருந்தோம். ஆண் நான் ஒருவன்தான். முன்னால் நின்றவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியானவர், தலையில் சாம்பல் நிற முக்காடு. மேசைமேல் வெள்ளைப் பருத்திக் கயிறும் மர வளையங்களும் கிடந்தன.

"மேக்ரமேன்னு பேரக் கேட்டுப் பயப்படாதீங்க," என்றார் மைமூன் டீச்சர். "இது உறிதான். பானைக்குப் பதிலாத் தொட்டி. அவ்வளவுதான்லா."

முதல் வாரம் சுருள் முடிச்சு சொல்லித் தந்தார். எட்டுக் கயிறுகளை வளையத்துக்குள் மடித்துப் போட்டால் பதினாறு நுனி வரும். அதை நான்கு நான்காகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு நான்கிலும் நடுவில் இரண்டு சும்மா நிற்கும், ஓரத்தில் இரண்டு வேலை செய்யும். இடது கயிற்றை நடுக்கயிறுகளின் மேலே போட்டு, வலது கயிற்றை அதன் மேலே வைத்து, பின்பக்கமாகச் சுற்றி, இடது கயிற்றின் வளைவுக்குள் இழுக்க வேண்டும். எப்போதும் இடதிலிருந்தே தொடங்கினால் பட்டை தானாக முறுக்கிக்கொள்ளும். அது சுருள். ஒருமுறை இடது, ஒருமுறை வலது என்று மாற்றித் தொடங்கினால் பட்டை தட்டையாக நேரே இறங்கும். அது சதுர முடிச்சு. அதை இரண்டாம் வாரம் சொல்லித் தந்தார். என் கை லாரிக் கயிற்றில் பழகிய கை, இரண்டையும் உடனே பிடித்துக்கொண்டது. "கோவிந்தண்ணே நமக்கே சொல்லித் தருவாரு போல," என்றார் பார்வதி. பார்வதி ஓய்வு பெற்ற தாதி. வகுப்பில் வாய் அவருக்குத்தான் அதிகம், இதைப் படிக்கும்போது அவரே ஒப்புக்கொள்வார்.

மூன்றாம் வாரம் டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பன்னிரண்டு தாளும் கையால் எழுதியவை. லிட்டில் இந்தியாவில் ஒரு தையல் கடையில் முப்பது வருடம் அளவு எடுத்து எழுதியவர் அவர். பிரதி எடுக்கும் இயந்திரம் அவருக்குப் பிடிக்காது. "என் எழுத்தப் பாத்துத் தச்ச ஒரு பிளவுஸ்கூடத் தப்பா வந்ததில்ல," என்று அன்றைக்குச் சொன்னார். அவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். அதை நினைவில் வையுங்கள்.

தாளில் இருந்தது சுருக்கமான குறிப்பு. சதுர முடிச்சுக்கு ச. சுருள் முடிச்சுக்கு சு. பக்கத்தில் எண். ச பத்து, சு பத்து, ச பத்து. நான்கு பட்டைகளும் அப்படியே கட்ட வேண்டும். எண்ணைப் படித்தேன். எழுத்து மூன்று இடத்திலும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. நடுவில் உள்ளதற்கு மட்டும் கீழே ஒரு வால் நீண்டிருந்தது. கையெழுத்துப் போடுகிறவர்கள் கடைசியில் இழுத்துவிடுவார்களே, அப்படி என்று நினைத்துக்கொண்டேன். ஒரே எழுத்து என்றால் ஒரே முடிச்சு. சுருள்தான் கைக்குச் சுகம். மேலிருந்து கீழ்வரை சுருளாகவே கட்டினேன்.

முடித்து எல்லோரும் தூக்கிப் பிடித்தோம். பதினொரு உறிகள் தட்டையாக இறங்கி, நடுவில் மட்டும் முறுக்கி, மறுபடி தட்டையாக இருந்தன. என்னுடையது முழுவதும் முறுக்கிக்கொண்டு நின்றது.

"ஐயோ அண்ணே!" என்று பார்வதி கைதட்டினார். "உறி கட்டச் சொன்னா முறுக்குப் பிழிஞ்சிருக்கீங்களே! தாளப் பாத்தீங்களா, இல்ல தீபாவளிய நெனச்சீங்களா?"

அறையே சிரித்தது. தாளை யாராவது வாங்கி, இது என்ன எழுத்து என்று என்னைக் கேட்டால் எல்லாம் முடிந்தது. கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது, அதை மறந்தேன் என்றும் சொல்ல முடியாது.

டீச்சர் வந்தார். உறியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். தாளை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சிரிக்காதீங்க. அண்ணே சரியாத்தான் கட்டியிருக்காங்க. நாந்தான் இவங்க தாள்ல எல்லாத்துக்கும் வால் போட்டுட்டேன். ச எல்லாம் சு ஆயிடுச்சு."

"அலாமா, டீச்சரே தப்பு விட்டுட்டாங்க!" என்றார் பார்வதி.

அன்று தொடங்கியது அந்தக் கேலி. நமக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தாள் கொடுக்கும்போதும், "டீச்சர், வாலெல்லாம் சரியா இருக்கா? எண்ணிப் பாத்துக்கவா?" என்று யாராவது கேட்போம். அவரும் சிரிப்பார். "எண்ணித்தான் போட்டேன், வேணும்னா நீங்களும் எண்ணுங்க," என்பார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் குனிந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று எல்லோரும் போன பிறகு நான் உறியை அவிழ்க்கத் தொடங்கினேன். டீச்சர் என் கையைத் தடுத்தார்.

"எதுக்கு அவுக்கிறீங்க? தொட்டி நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும்."

"அப்ப விடுங்க."

ஒரு துண்டுக் கயிற்றை எடுத்தார். மேசைமேல் மேலிருந்து கீழாக வைத்து, அப்படியே வலது பக்கம் மடக்கிப் போட்டார். "அண்ணே, இது என்ன?"

"கயிறு."

"கயிறுதான். எப்படிக் கிடக்கு?"

"மூலை மாதிரி. பெட்டியோட மூலை."

"இதுதான் ட."

உங்களுக்குப் படிக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவே இல்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் மேலே தூக்கிவிட்டு, "இது ப," என்றார். பிறகு வேறு விதமாக வளைத்து ச செய்தார். அதன் நுனியைக் கீழே இழுத்து ஒரு வளைவு கொடுத்தார். "வால் இல்லன்னா சதுரம். வால் போட்டா சுருள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுபது வருடம் நான் பயந்தது இந்தக் கயிற்றுக்கா?

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் அரை மணி நேரம் முன்னதாகப் போவேன். நாற்காலி அடுக்கப் போகிறேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். நாற்காலியும் அடுக்கினேன். டீச்சர் புக்கிட் பாஞ்சாங்கில் மகள் வீட்டுக்குக் குடிபோன பிறகும் இரண்டு பஸ் மாறி அதே நேரத்துக்கு வந்துவிடுவார். மேசைமேல் கயிற்றால் எழுத்துச் செய்வோம். வாசலில் பேச்சுக் குரல் கேட்டதும் அவர் ஒரு நுனியைப் பிடித்து இழுப்பார். எழுத்து போய்விடும், கயிறு மட்டும் கிடக்கும். "பாத்தீங்களா, யாருக்கும் தெரியாது," என்பார். எத்தனையோ எழுத்து அப்படி உங்கள் கண்முன்னே உறியாகப் போயிருக்கிறது.

மூன்று புள்ளி எழுத்தை மட்டும் நாங்கள் செய்யவில்லை. "அதுக்குக் கயிற வளைச்சா போதாது, மூணு முடிச்சுப் போடணும். அடிக்கடி வராது. அப்புறம் பாத்துக்கலாம்ணே," என்று தள்ளிவைத்தார்.

கயிறு வாங்க ஒருமுறை எல்லோரும் லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். பூக்கடைக்குப் பக்கத்தில் நடந்தபோது ஒரு பலகை என் கண்ணில் பட்டது. ப. பிறகு புள்ளி வைத்த ட். பிறகு ட மாதிரி ஒன்று, ஆனால் வளைந்து போயிருந்தது. டீச்சரின் முக்காட்டு நுனியை இழுக்காத குறையாக நிறுத்தினேன்.

"அது வாலா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வால்தான்."

"சு-வுக்குப் போட்ட வால் மாதிரி இல்லையே! எழுத்துக்கு எழுத்து வேற வாலா?"

"ஆமாண்ணே. பூனைக்கும் மாட்டுக்கும் ஒரே வாலா இருக்கு?"

"பட்டு," என்று படித்தேன். மெதுவாகத்தான் படித்தேன் என்று நினைத்தேன். ஆனால் சத்தமாகப் படித்துவிட்டேன் போல. பார்வதி திரும்பி, "என்னண்ணே, அக்காவுக்குப் பட்டு வாங்கித் தரப் போறீங்களா?" என்றார். வேறு வழியில்லாமல் வாங்கிக் கொடுத்தேன். சரோஜாவுக்கு அது ஏன் கிடைத்தது என்று இன்றைக்கு எழுதும்போதுதான் சொல்கிறேன்.

இனி நான் எழுதக் கூசுகிற பகுதி.

சென்ற வருடக் கடைசியில் டீச்சருக்கு உடம்புக்கு முடியவில்லை. மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்து என்னைக் கைபேசியில் கூப்பிட்டார். "அண்ணே, புது வகுப்புக்கு நோட்டீஸ் எழுதி லிப்ட் பக்கத்துல ஒட்டணும். நீங்க எழுதுங்க." எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெரிய தாள், கறுப்புப் பேனா. ஒரு முழு மாலை எழுதினேன். சரோஜாவிடம்கூடக் காட்டாமல் கொண்டுபோய் ஒட்டினேன். எல்லாம் நானே செய்தேன் என்று இருக்கட்டும் என்று.

மறுநாள் பார்வதி அதைப் படம் எடுத்து வகுப்பின் கைபேசிக் குழுவில் போட்டார். "உரி கட்டக் கற்றுக்கொள்ளலாம் வாருங்கள்" என்று நான் எழுதியிருந்தேன். பெரிய ற போட வேண்டிய இடத்தில் சின்ன ர போட்டுவிட்டேன். "வெங்காயம் உரிக்கிற வகுப்பா, டீச்சர்? நான் கத்தியோட வரேன்!" என்று பார்வதி எழுதினார். எல்லோரும் சிரிக்கும் முகம் போட்டார்கள். "எழுத்து வேற இப்படிக் கோணிக்கிட்டு நிக்குதே," என்று இன்னொருவர் எழுதினார். நோட்டீஸ் எழுதுவது எப்போதும் டீச்சர்தான் என்பதால் யாரும் வேறு நினைக்கவில்லை.

நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'எழுதியது நான்' என்று எழுத எனக்குத் தெரியும். அந்த எழுத்துகள் எல்லாம் அவர் கற்றுத் தந்தவை. ஆனாலும் நான் எழுதவில்லை. அதற்குள் டீச்சரின் பதில் வந்துவிட்டது. "படுத்துக்கொண்டே எழுதியது. கை நடுங்கிவிட்டது. மன்னிக்கவும்."

ஒரு பிளவுஸ்கூடத் தப்பாக வராத எழுத்து அவருடையது. அவர் என் கோணல் எழுத்தைத் தன்னுடையது என்று சொல்லிவிட்டார், இரண்டாவது முறையாக.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். இன்னும் மெலிந்திருந்தார். கையில் ஊசிக் குழாய் இருந்தது. என்னைக் கண்டதும், "வாங்கண்ணே, வெங்காயம் கொண்டு வந்தீங்களா?" என்றார்.

"இந்தச் சனிக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் டீச்சர். அந்தத் தாளயும் சேத்து. ரெண்டு வருஷமா உங்களக் கேலி பண்றாங்க."

"கேலி பண்ணா என்ன, நான் கரைஞ்சா போயிட்டேன்?" என்றார். "சொல்லாதீங்கண்ணே. எழுதுங்க. எனக்குப் படிக்கத் தெரியாம இருந்துச்சுன்னு வாயால சொன்னா பாவம்பாங்க. எழுதிக் காட்டுனா கைதட்டுவாங்க."

"தப்பு வருமே."

"வரட்டும். அவுத்துக் கட்டத்தானே கயிறு."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வரி எழுதுவேன், கிழிப்பேன். எனக்கு அவசரம் தெரியவில்லை. அதற்குள் அந்தக் காலை வந்துவிட்டது.

புக்கிட் பாஞ்சாங்கில் அவர் மகள் வீட்டு புளோக்கின் கீழே நாம் எல்லோரும் நின்றோம். பார்வதி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பாவம்ணே, வாலத் தப்பாப் போட்டுட்டாங்கன்னு எத்தன தடவ சிரிச்சிருப்போம்," என்றார். அங்கேயே சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லாதீங்க, எழுதுங்க என்றாரே. மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள்.

சென்ற சனிக்கிழமை ஷிரீன் டீச்சரின் பையோடு நம் வகுப்புக்கு வந்தார் அல்லவா? மிச்சக் கயிறு, வளையங்கள், ஒரு கோப்பு. கோப்பில் நம் ஒவ்வொருவர் பெயரும் இருந்தது. என் பெயருக்குக் கீழே நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. நீங்கள் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் மூலைக்குப் போய்ப் பிரித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெறும் எண்களாகத் தெரிந்த தாள். இப்போது படித்தேன்.

ச பத்து. சு பத்து. ச பத்து.

அந்தத் தாளை இந்தப் பக்கத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பார்வதி, நீங்கள் முதலில் பாருங்கள். வாலை எண்ணிப் பாருங்கள். ஒன்றே ஒன்றுதான், இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. தப்பாகப் படித்தவன் நான். படிக்கத் தெரியாமல் இருந்தவன் நான். நோட்டீஸில் உரித்தவனும் நான்தான். ஷிரீன், உங்கள் உம்மா ஓர் எழுத்தையும் தவறாக எழுதியதில்லை. தாள் உங்களுக்கு உரியது. இங்கே சின்ன ர-தான் வரும், சரோஜாவிடம் கேட்டுக்கொண்டேன்.

எனக்கு முறுக்கு உறி போதும். அது எங்கள் சமையலறைச் சன்னலில் சரோஜாவின் மணி பிளாண்ட்டைத் தாங்கிக்கொண்டு தொங்குகிறது. தொட்டிக்குக் கீழே எல்லாக் கயிறுகளும் சேர்ந்து குஞ்சமாக நிற்கின்றன. நேற்று அதில் மூன்று கயிறுகளைப் பிரித்தெடுத்தேன். நடுக்கயிற்றில் மேலே ஒரு முடிச்சு, இரண்டு பக்கமும் கீழே ஒவ்வொன்று.

"மூணு முடிச்சு எனக்குத்தானே போட்டீங்க, இப்ப செடிக்குமா?" என்று சரோஜா கேட்டாள். நான் தள்ளி நின்று பார்த்தேன். ஃ சரியாக வந்திருந்தது. நாற்பது வருடம் நான் தோளில் தூக்கிய ஃபிரிட்ஜிலும் இந்த எழுத்து இருக்கிறதாம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டீச்சர் மிச்சம் வைத்தது இது ஒன்றுதான். அந்தக் காலைச் செய்தியில் இதையும் அவரிடமிருந்தே கற்றுக்கொண்டேன்.